ஒளி சுமந்த தூதுவர்

சாளரத்தின் அருகே வைத்த பூச்செடி, நாளடைவில் வெளிச்சம் வரும் திசையை நோக்கி வளைந்து நிற்பதை அறியாதார் இல்லை. செடிக்குக் கண் இல்லை; நரம்பு இல்லை; தசையும் இல்லை. அவ்வாறிருக்க, ஒளி எப்பக்கம் உள்ளது என்பதை அது எங்ஙனம் உணர்கிறது? உணர்ந்த செய்தியை, வளைய வேண்டிய இடத்துக்கு எது கொண்டு செல்கிறது? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்ட அறிஞர், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தூதுவனைப் பின்தொடர்ந்து வந்துள்ளனர். அத்தூதுவனின் கையில் விளக்கொன்றைக் கொடுத்து, அவன் செல்லும் வழியைக் காண முயன்ற வரலாறே இப்பேச்சின் பொருள்.

1880ஆம் ஆண்டில் சாள்ஸ் டார்வின், தம் மைந்தர் பிரான்சிசின் துணையுடன், தாவரங்களின் அசைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பறவைகளுக்கு இரையாகும் கனாரிப் புல்லின் விதைகளை முளைக்க வைத்து, அவற்றின் இளமுளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அம்முளையின் குருத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அம்முளையுறையின் நுனியை ஒளி புகாத குல்லாயினால் மூடிவிட்டால், முளை ஒளியை நோக்கி வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பாகத்தை மட்டும் மறைத்தபோதோ, வழக்கம்போல் வளைந்தது. ஒளியை உணர்வது நுனி. வளைவதோ அதற்குக் கீழுள்ள பகுதி. ஆகவே, மேலிருந்து கீழ்நோக்கி ஏதோவொரு தூண்டுதல் செல்லுதல் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். அத்தூண்டுதல் யாது என்பதை அவர்கள் கூறவில்லை. கூறுவதற்கான கருவிகளும் அக்காலத்தில் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்மார்க்கு நாட்டவரான பொய்சன் ஜென்சன் என்பவர் முளையின் நுனியை வெட்டியெடுத்து, இடையே செலற்றின் துண்டு ஒன்றை வைத்து, நுனியை மீண்டும் அதன்மேல் பொருத்தினார். முளை வளைந்தது. மைக்காத் தகட்டை முளையின் நிழற்பக்கத்திற் குறுக்கே செருகியபோது வளையவில்லை. செலற்றினில் நீரிற் கரைந்த பொருள்கள் ஊடுருவும். மைக்காவில் எதுவும் ஊடுருவாது. எனவே, கீழே செல்வது ஒரு கரையும் பொருள் என்பது புலனாயிற்று. பின்னர் அங்கேரி நாட்டு அறிஞர் பால் என்பவர், வெட்டிய நுனியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால், இருளிலும் முளை மறுபக்கம் வளைவதைக் காட்டினார். நுனி எப்பக்கத்தில் அமர்ந்ததோ, அப்பக்கம் மிகுதியாக வளர்ந்தது என்பதே இதன் பொருள்.

இப்பொருளை முதன்முதலில் செடிக்கு வெளியே எடுத்துக் காட்டியவர், ஒல்லாந்து நாட்டின் யூட்ரெக்ட் நகரைச் சேர்ந்த பிரிட்ஸ் வெண்ட் என்னும் இளைஞர். 1926ஆம் ஆண்டில் அவர் ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி, அகர் என்னும் கடற்பாசிக் கூழ்த் துண்டின்மேல் அடுக்கி வைத்தார். சில மணி நேரத்தின் பின் நுனிகளை அகற்றிவிட்டு, அந்த அகர்த் துண்டை மட்டும் நுனி நீக்கிய முளையின் ஓரத்தில் வைத்தார். முளை வளைந்தது. நுனி இல்லாமலே நுனியின் வேலை நடந்தேறியது. துண்டில் நுனிகளிலிருந்து வடிந்த பொருள் எவ்வளவோ, அந்த அளவுக்கு ஏற்ப வளைவின் கோணமும் ஓர் எல்லை வரையில் கூடியது. 1928இல் வெளியான அவருடைய ஆய்வு, காணாத பொருளை வளைவின் கோணத்தால் அளந்தறியும் முறையை உலகுக்கு அளித்தது.

விலங்குகளின் உடலில் ஓரிடத்திற் பிறந்து, வேறோரிடத்திற்குச் சென்று தொழிற்படும் பொருள்களுக்கு 1905ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் ஸ்டாலிங் ‘ஓமோன்’ என்னும் பெயரை வழங்கியிருந்தார். கிளர்ச்சியூட்டுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. செடிகளுக்கும் ஓமோன் உண்டு என்பது வெண்டின் ஆய்வுக்குப்பின் உறுதியாயிற்று. ஆயினும், அங்கே கண்ணாற் கண்டது வளைவை மட்டுமே. தூதுவன் வந்து சென்றதன் விளைவு தெரிந்தது. தூதுவனின் முகம் தெரியவில்லை.

முகந்தெரியாத ஒருவனைப் பற்றிய செய்தியில் எவ்வளவு பெரிய பிழை நேரக்கூடும் என்பதற்கு, அதே யூட்ரெக்ட் நகரில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்றாகும். வேதியியற் பேராசிரியர் பிரிட்ஸ் கோகலும் அவருடைய உதவியாளரும், செடியின் வளர்ச்சிப் பொருளைத் தூய நிலையிற் பெற முயன்றனர். செடியில் அது மிகமிகச் சிறிதளவே இருந்தமையால், அவர்கள் மனிதரின் சிறுநீரை மூலப்பொருளாகக் கொண்டனர். 1931இல் தாம் பெற்ற பொருளுக்கு, ‘வளர்தல்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு, ‘ஒட்சின்’ என்று பெயரிட்டனர். ‘ஒட்சின் ஏ’, ‘ஒட்சின் பி’ என இரு பொருள்கள் பேசப்பட்டன. அவற்றின் மூலக்கூற்று அமைப்பும் வரைந்து காட்டப்பட்டது. 1934இல் மூன்றாவதாக ஒரு பொருளும் சிறுநீரிலிருந்து கிடைத்தது. அதனை ‘வேறு ஒட்சின்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதுவே இந்தோல் அசற்றிக் அமிலம்.

காலம் செல்லச் செல்ல, ஒட்சின் ஏ, ஒட்சின் பி ஆகிய இரண்டையும் வேறெந்த ஆய்வுகூடத்தாலும் மீண்டும் பெற முடியவில்லை. இந்தோல் அசற்றிக் அமிலமோ பங்கசுக்களிலும் கிடைத்தது. 1946ஆம் ஆண்டளவிற் சோள மணிகளிலும் கிடைத்தது. பின்னணியில் ஒதுங்கி நின்ற மூன்றாவது பொருளே செடியின் உண்மையான ஒட்சின் என்பது தெளிவாயிற்று. பேணி வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளை 1966இல் புதிய கருவிகளாற் சோதித்தபோது, அவை முற்றிலும் வேறான பொருள்கள் என்பது வெளிப்பட்டது. பாடநூல்களில் ஏறி, அமைப்புப் படமும் பெற்ற இரு தூதுவர், உலகில் ஒருபோதும் இருந்ததேயில்லை. ஒன்றின் பெயரைச் சொல்வது வேறு, அதனை அறிவது வேறு என்னும் பாடத்தைத் தாவரவியல் இவ்வாறு பெருவிலை கொடுத்துக் கற்றது.

அதன்பின் வந்த அறிஞர் மூவகை வழிகளைக் கையாண்டனர். முதலாவது, செடியை அரைத்துச் சாறெடுத்து, அதிலுள்ள ஓமோனின் அளவை அறிவது. இதனால் எவ்வளவு என்பது தெரியும். எந்தக் கலத்தில் இருந்தது என்பது தெரியாது. நூலகத்தைப் பொடியாக்கி, அதில் எவ்வளவு மை இருந்தது என்று கணக்கிடுவதைப் போன்றது அது. இரண்டாவது, ஓமோனின் காபன் அணுவொன்றைக் கதிர்த்தொழிற்பாடுள்ள காபனாக மாற்றிச் செடிக்குள் விடுவது. இவ்வணு எடையில் மிகச் சிறிதே வேறுபடுவதால், ஓமோனின் தன்மை கெடுவதில்லை. ஒட்சின் தண்டில் மேலிருந்து கீழாக, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தூரம் ஒருவழிப் பயணம் செய்வதை விளக்க இம்முறை பெரிதும் உதவிற்று. ஆயினும், உயிருள்ள கலத்தின் உள்ளே கணந்தோறும் நிகழ்வதை அதனாற் காண்பது அரிது. மூன்றாவது, ஓமோன் வந்து தொழிற்பட்டால் மட்டும் நிறமோ ஒளியோ தோன்றுமாறு செடியின் பரம்பரையலகுகளை மாற்றியமைப்பது. 1990களிலிருந்து பெரும்பயன் விளைத்த முறை இது. எனினும், இங்கும் காணப்படுவது ஓமோனின் செயலேயன்றி, ஓமோன் அன்று. மணியோசை கேட்டது, மணியை அடித்தவன் எவ்வழி வந்தான் என்பது கேட்கவில்லை.

அவ்வழியைக் காட்டவல்லது ஒளி என்று அறிஞர் எண்ணியதற்கு, வேறொரு துறையின் நீண்ட வரலாறு காரணமாயிற்று. 1852ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்ரோக்ஸ், கொயினா மருந்தின் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அரியம் பிரித்த சூரிய ஒளியின் நிறமாலைக்குள் வைத்துப் பார்த்தார். ஊதா நிறம் முடிந்து, கண்ணுக்கு இருளாய்த் தெரிந்த பகுதியிற் குழாயை வைத்தபோது, கரைசல் நீல ஒளி வீசியது. கண்ணுக்குப் புலனாகாத கதிரை உள்வாங்கி, கண்ணுக்குப் புலனாகும் கதிராக வெளிவிடும் இப்பண்புக்கு, அதனையுடைய புளோரைற்றுக் கல்லின் பெயரால் அவர் பெயரிட்டார். தமிழில் அதனைப் புளோரொளிர்வு எனலாம்.

1871இல் ஜேர்மானிய வேதியியலார் பேயர், ‘புளோரசின்’ என்னும் சாயத்தை ஆக்கினார். மிகச் சிறிதளவு சேர்த்தாலும் நீரைப் பச்சையாய் ஒளிரச் செய்யும் சாயம் அது. டான்யூப் ஆற்றின் நீர் தென் ஜேர்மனியில் ஓரிடத்தில் நிலத்துக்குள் மறைகிறது. அந்நீர் எங்கே செல்கிறது என்பது நெடுநாள் வழக்காய் இருந்தது. 1877ஆம் ஆண்டில், மறையும் நீரில் பத்துக் கிலோகிராம் புளோரசின் சாயத்தைக் கொட்டினர். ஏறக்குறைய அறுபது மணி நேரத்தின் பின், ஆக் என்னும் ஊற்றின் நீர் பச்சையாய் ஒளிர்ந்தது. அவ்வூற்று நீரோ இறுதியில் றைன் ஆற்றை அடைவது. மலைக்கு அடியில் ஒளிந்தோடிய ஆற்றின் வழியை ஒரு சாயம் சொல்லிவிட்டது. உயிரினத்தின் உள்ளோடும் ஆறுகளுக்கும் இதே உபாயத்தைக் கையாளலாம் என்ற எண்ணம் இத்தகைய நிகழ்ச்சிகளிலிருந்து வலுப்பெற்றது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் அல்பேட் கூன்ஸ், நோயெதிர்ப்புப் புரதங்களுடன் ஒளிர்சாயத்தைப் பிணைத்து, அவை இழையத்தில் எங்கே சென்று ஒட்டுகின்றன என்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டார்.

புரதத்துக்குச் செய்ததைச் செடியின் ஓமோனுக்குச் செய்வதில் என்ன தடை? தடை அளவில் இருந்தது. நோயெதிர்ப்புப் புரதம் மிகப் பெரியது. அதன் முதுகில் ஒரு சாயத்தை ஏற்றுவது, யானையின்மேல் ஒரு கூடையை வைப்பதற்கு ஒப்பாகும். இந்தோல் அசற்றிக் அமிலத்தின் மூலக்கூற்று நிறையோ 175. புளோரசினின் நிறை 332. சுமப்பவனைக் காட்டிலும் சுமை ஏறக்குறைய இருமடங்கு பெரிது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்பது வழக்கம். இங்கே மணி கட்டுவோர் உளர். ஆனால் மணி பூனையைவிடப் பெரிது. மணியைத் தூக்கிக்கொண்டு அப்பூனை எலி பிடிக்குமா, நடக்கவாவது இயலுமா என்பதே வினா.

ஓமோன் தொழிற்படும் விதத்தை நோக்கினால் இவ்வினாவின் கடுமை விளங்கும். ஒட்சினை ஏற்கும் வாங்கிப் புரதம், ‘ரி.ஐ.ஆர். 1’ என்பது 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஈராண்டுகளின் பின் அதன் வடிவமும் தெளிவாயிற்று. அப்புரதத்தில் ஒரு சிறு குழி உண்டு. ஒட்சின் அக்குழியில் அமர்ந்து, வாங்கியையும் மற்றொரு புரதத்தையும் பசைபோல் இணைக்கிறது. இணைந்ததும் அம்மற்றப் புரதம் அழிக்கப்பட, வளர்ச்சிக்குத் தடையாய் இருந்த பூட்டுத் திறக்கிறது. இத்துணை நெருக்கமான குழியில், பெருஞ்சாயத்தைச் சுமந்த ஒட்சின் எளிதில் அமராது. பழங்களைப் பழுக்கச் செய்யும் எதிலீன் வாயுவுக்கோ காபன் அணுக்கள் இரண்டே; அதில் எதையேனும் பிணைத்தால் அது எதிலீனாகவே இராது.

ஆகவே, ஓமோனைப் போன்ற உருவும் ஒளிரும் தன்மையும் சேர்ந்த பொருளை, அதாவது ஒளிரும் ஒப்புருவை, ஆக்குவது பாதி வேலையே. அது சொல்லும் சாட்சியைச் சோதிப்பது மறுபாதி. செடியின் உள்ளே சாயம் தனியே கழன்றுவிட்டால், ஒளிர்வது சாயமே அன்றி ஓமோன் அன்று. ஒளியற்ற உண்மை ஓமோனை மிகுதியாகக் கொடுத்தால், ஒப்புரு தன் இடத்தை விட்டு விலகுகிறதா? வாங்கிப் புரதம் இல்லாத செடியில் ஒளி குறைகிறதா? அதே சாயத்தைச் சுமந்த பயனற்ற மூலக்கூறு வேறிடத்திற் போய்ச் சேர்கிறதா? இத்தனை குறுக்குவிசாரணையையும் தாண்டிய ஒளியே சான்றாகும். இவற்றுக்கு மேல், செடியும் தானாகவே ஒளிரும் இயல்புடையது. பச்சையம் செந்நிறமாகவும், கலச்சுவரின் இலிக்னின் நீலமாகவும் ஒளிர்கின்றன. புளோரசின் சாயமோ அமிலத்தன்மை மிக்க இடத்தில் மங்கிவிடும். கலத்தின் புன்வெற்றிடம் அத்தகைய இடம். எனவே, அங்கே இருள் தெரிந்தால், பொருள் இல்லை என்று துணிந்துவிட முடியாது.

இந்தக் கடுமையான வழியில் முன்னேறியவர்களுள், பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரில் யூஜீனியா ருசினோவாவின் தலைமையில் இயங்கிய குழுவினர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் எடுத்துக்கொண்டது பிராசினோஸ்ரெரொயிட்டு என்னும் ஓமோன் வகை. தேனீக்கள் திரட்டிய பெருந்தொகையான மகரந்தத்திலிருந்து சில மில்லிகிராம் அளவே பெறப்பட்டு, 1979இல் அதன் முதல் உறுப்பினரின் அமைப்புத் தெளிவாயிற்று. அவ்வோமோனை ஏற்கும் வாங்கி கலமென்சவ்வில் இருக்கிறது. அவ்வாங்கி சவ்விலிருந்து கலத்தின் உட்புறச் சிறுபைகளுக்கும் இழுக்கப்படுகிறது. செய்தி பிறப்பது சவ்விலா, உட்சென்ற பைகளிலா என்பது தீராத ஐயமாய் இருந்தது. அவ்வகையைச் சேர்ந்த காஸ்ரஸ்ரெரோனுடன் செவ்வொளி தரும் சாயமொன்றைக் கெண்ட் குழுவினர் பிணைத்தனர். ஒப்புருவின் செயலூக்கம் அழியவில்லை. அது வாங்கியுடன் சேர்ந்து கலத்துள் செல்வதை அவர்கள் உயிருள்ள வேர்களிற் கண்டனர். உட்செல்லும் வழியைத் தடுத்தபோது செய்தி குன்றவில்லை; ஓங்கியது. செய்தி பிறக்கும் இடம் கலமென்சவ்வே என்று 2012ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டில் ஜிபரலினின் முறை வந்தது. இவ்வோமோனின் வரலாறு நெல்வயலில் தொடங்குவது. நெற்பயிர் அளவுக்கு மீறி நெடிதாக வளர்ந்து, வெளிறி, விளைவின்றி வீழும் நோயொன்றை யப்பானிய உழவர் ‘மூட நாற்று’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். நோயைத் தரும் பங்கசு வடித்த திரவமே, பங்கசு இல்லாமலும் நாற்றை நெடிதாக்கும் என்பதை 1926ஆம் ஆண்டில் குரோசாவா என்பவர் தைவான் தீவிற் காட்டினார். வெண்ட் அகர்த் துண்டுகளுடன் இரவில் விழித்திருந்த அதே ஆண்டு அது. 1935இல் யபுட்டா அப்பொருளுக்கு ஜிபரலின் என்று பெயரிட்டார். செடிகளும் தமக்குள்ளே அதனை ஆக்குகின்றன என்பது பின்னர்த் தெரிந்தது. அதனை ஏற்கும் வாங்கிப் புரதம், 2005ஆம் ஆண்டில், யப்பானிய அறிஞரால் நெற்பயிரிலேயே கண்டறியப்பட்டது.

2013இல் எய்லொன் ஷானி, ரொய் வைன்ஸ்ரெயின் முதலியோர், மாக் எஸ்ரெல், ரொஜர் சியென் ஆகிய மூத்த அறிஞருடன் சேர்ந்து, ஜிபரலினுடன் புளோரசினைப் பிணைத்து ‘அரபிடொப்சிஸ்’ என்னும் சிறுசெடியின் வேருக்கு ஊட்டினர். இவருள் சியென், மின்னும் கடல்வாழ் உயிரொன்றின் பச்சை ஒளிர்புரதத்தை ஆய்வுக் கருவியாக வளர்த்தமைக்காக 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். ஊட்டிய ஒளி வேரெங்கும் சமமாய்ப் பரவவில்லை. வேர் நீளும் பகுதியில், அகத்தோல் என்னும் ஒரேயொரு கலவரிசையில் அது திரண்டு நின்றது. கலத்தின் சக்தியைத் தடுத்தால் அத்திரட்சி நிகழவில்லை. எனவே, ஜிபரலின் தானாகக் கசிந்து அங்கே சேரவில்லை; ஏதோ ஒரு காவி அதனைச் சுமந்து சேர்க்கிறது என்று அவர்கள் கருதினர்.

இச்சாட்சியை நம்பலாமா? ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 2008இல், வேறொரு குழுவினர் ஒளிரும் சாயம் எதுவுமின்றி, பரம்பரையலகு முறையால், வேரின் நீட்சிக்கு ஜிபரலின் தொழிற்பட வேண்டிய இடம் அகத்தோலே என்று காட்டியிருந்தனர். 2016ஆம் ஆண்டில் காவிகளுள் ஒன்றும் அறியப்பட்டது. ‘என்.பி.எப். 3’ என்னும் அப்புரதம் குறைந்த செடியின் அகத்தோலில் ஒளி திரளவில்லை. வெவ்வேறு திசையிலிருந்து வந்த சாட்சிகள் ஓரிடத்திற் கூடின. முற்காலத்தில் ஒட்சின் ஏ, ஒட்சின் பி ஆகியவற்றுக்கு வாய்க்காதது இதுவே. அங்கே சாட்சி ஒன்றே இருந்தது.

சுமை பெரிதாயின் தூதுவன் செய்தியைச் சொல்ல முடியாமற் போகும் என்பது முன்னர்க் கண்ட இடர். இவ்விடரையே பயனாக மாற்றியவர், யப்பானின் ஒக்காயாமா அறிவியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனிச்சிரோ ஹயாஷியும் அவர் குழுவினரும் ஆவர். 2014இல் அவர்கள் ஆக்கிய ஒளிரும் ஒட்சின்கள், சிறிய ஒளிர்தொகுதி ஒன்றைச் சுமந்தன. கலத்துக்குக் கலம் ஒட்சினைக் கடத்தும் காவிகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. ஆனால் வாங்கிப் புரதத்தின் குழியில் அவை அமரவில்லை. கலத்தின் வேதிமாற்றங்களுக்கும் ஆளாகவில்லை. அதாவது, வழியெல்லாம் நடக்கும். வாய் திறந்து பேசாது. இத்தகைய ஊமைத் தூதுவனால் ஒரு நன்மை உண்டு. உண்மை ஒட்சினை ஊட்டினால், அது செடியின் வளர்ச்சியையே மாற்றி, காண வந்த காட்சியைக் குலைத்துவிடும். ஊமைத் தூதுவனோ எதையும் குலைக்காமல், கடத்தும் பாதையை மட்டும் காட்டுவான். அதனுடன், வேர் நுனியில் ஒட்சின் மிகுந்து நிற்பதில் கடத்தலுக்கு ஒரு பங்கு உண்டாயினும், அவ்விடத்திலேயே ஒட்சின் ஆக்கப்படுவதற்கும் கணிசமான பங்கு உண்டு என்பதும் இவ்வாய்வால் விளங்கிற்று.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தின் நான்கு சுவருக்குள் நிகழ்வன. உழவனுக்கு இவற்றால் யாது பயன் என்று வினவுதல் இயல்பே. ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களில் இறுங்கு, கம்பு, சோளம் ஆகிய பயிர்களின் வேரிற் பற்றி, அவற்றின் சாரத்தை உறிஞ்சி வாழும் ஸ்ரைகா என்னும் ஒட்டுண்ணிப் பூண்டு அதற்கு விடை தரும். அதே இனத்தைச் சேர்ந்த பூண்டைத் தமிழ்நாட்டு உழவர் சுடுமல்லி என்பர். ஊதா நிறப் பூக்களால் அழகு காட்டும் ஆபிரிக்க ஸ்ரைகா, விளைச்சலைச் சூறையாடிப் பல இலட்சம் ஏழைக் குடியானவரைப் பட்டினியில் ஆழ்த்துவது. தூசியினும் நுண்ணிய அதன் விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். பயிரின் வேரிலிருந்து கசியும் ஒரு பொருளை உணர்ந்தால் மட்டுமே அவை விழித்தெழும். அப்பொருளுள் ஒன்று 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஸ்ரைகோலக்ரோன் என்னும் அவ்வகைப் பொருள்களைச் செடி தன் பகைவனை எழுப்புவதற்காகவா கசியவிடுகிறது? வேருக்கு உணவு தேடித்தரும் நட்புப் பங்கசுக்களை அழைக்கும் குரல் அது என்பது 2005இலும், செடியின் கிளைப்பை அடக்கும் ஓமோனும் அதுவே என்பது 2008இலும் தெளிவாயின. நண்பனை அழைத்த குரலைப் பகைவன் ஒட்டுக்கேட்டுக் கொண்டிருந்தான்.

அப்பகைவனின் செவி எது? ஸ்ரைகாவைப் பரம்பரையலகு முறையால் ஆராய்வது மிகக் கடினம். எனவே நகோயா பல்கலைக்கழகத்து அறிஞர் வேறு வகையான ஒளிரும் ஒப்புரு ஒன்றை ஆக்கி, 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். யோஷிமுலக்ரோன் பச்சை என்பது அதன் பெயர். முன்னர்க் கண்டவை எந்நேரமும் விளக்கேந்திச் சென்றவை. இதுவோ இருளிலேயே செல்வது. ஸ்ரைகோலக்ரோனை ஏற்கும் வாங்கிகள் அதனைப் பற்றிப் பிளக்கும் இயல்புடையன. அவ்வாறு பிளந்த கணத்தில் இவ்வொப்புருவிலிருந்து சாயம் விடுபட்டுப் பச்சையாய் ஒளிரும். ஆகவே, ஒளி தோன்றினால், வாங்கி தொழிற்பட்டது என்பதே பொருள். சுமை, சாட்சி என்னும் இரு சிக்கல்களும் இங்கே ஒருங்கே தளர்ந்தன. அவ்வொளியைக் கொண்டு ஸ்ரைகாவின் வாங்கிப் புரதங்களை அவர்கள் அடையாளங் கண்டனர். உறங்கும் விதையின் உள்ளே, விழிப்பு ஓர் அலைபோல் பரவிச் செல்வதையும் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்டனர்.

காட்சி பயனாக முதிர்ந்தது. வாங்கியை அறிந்தபின், அதற்கு இசைவான பொருளைத் தேடுவது கைகூடியது. 2018இல் அறிவிக்கப்பட்ட ஸ்பைனோலக்ரோன் 7 என்னும் செயற்கைப் பொருள், நம்பற்கரிய அளவுக்கு நீர்த்த நிலையிலும் ஸ்ரைகா விதையை முளைக்கச் செய்தது. பயிர் இல்லாத நிலத்தில் அதனை இட்டால், விதை ஏமாந்து முளைத்து, பற்றுவதற்கு வேரின்றி மடியும் என்பது கருத்து. ஆய்வுகூடத்திற் கண்டதை ஆபிரிக்க வயலின் வெயிலிலும் மண்ணிலும் மெய்ப்பிப்பது தனியே ஒரு நெடிய வேலை. எனினும், பகைவனின் செவி எதுவென்று தெரியாமலிருந்த நிலை மாறிவிட்டது.

டார்வின் கனாரிப் புல்லின் நுனிக்குக் குல்லாய் அணிவித்த நாளிலிருந்து இற்றைவரை, செடியின் தூதுவனை அறியும் முயற்சி நிழலிலிருந்து ஒளியை நோக்கி வளர்ந்த முளையையே ஒத்திருக்கிறது. முதலில் வளைவு தெரிந்தது. பின்னர்ப் பொருள் கிடைத்தது. பின்னர் அதன் வழியும் ஓரளவு புலனாயிற்று. ஆயினும், ஒவ்வோர் ஒளியும் தன்னுடன் ஓர் ஐயத்தையும் ஏந்தியே வருகிறது. விளக்கைச் சுமந்த தூதுவன், சுமக்காதபோது நடந்த வழியிலேயே நடக்கிறானா? யூட்ரெக்ட் நகரிலே இரு பொய்த் தூதுவருக்குப் பெயரிட்ட காலத்தில், இவ்வினாவை வேண்டிய அளவு கேட்பார் இலராயினர். கெண்டிலும் ஒக்காயாமாவிலும் நகோயாவிலும் உழைத்தோரின் பெருமை, அழகிய ஒளியை உண்டாக்கியதில் பாதி. அவ்வொளியையே முதலிற் சந்தேகித்ததில் மறுபாதி. சாளரத்தருகே வளைந்து நிற்கும் பூச்செடி, ஒளியைக் கண்டதும் அதன்பாற் சாய்ந்துவிடும். அறிவைத் தேடுவோரோ, சாயுமுன் ஒருமுறை நின்று நோக்குதல் வேண்டும்.